எஸ்.ஏ.எம். என்றால் எந்த எஸ்.ஏ.எம்.?

எங்காவது எஸ்.ஏ.எம். (SAM) என்று பார்த்தால் அந்த மூன்றெழுத்தை மட்டும் கூகுளில் அடித்துத் தேடாதீர்கள், முதலில் அக்கம்பக்கத்துச் சொற்களைப் பாருங்கள். பாஸ்வேர்டு, ரெஜிஸ்ட்ரி என்று பேச்சு ஓடினால், விண்டோஸ் பயனர் கணக்குகளையும் பாஸ்வேர்டு ஹாஷ்களையும் (பாஸ்வேர்டை அப்படியே வைக்காமல் உருமாற்றி வைத்த வடிவம்) வைத்திருக்கும் இடம் அது. ரேடார், விமானம் என்றால் தரையிலிருந்து வானுக்குப் பாயும் ஏவுகணை. 1960-இல் அமெரிக்காவின் யு-2 உளவு விமானத்தை சோவியத் யூனியன் வீழ்த்தியது இந்த வகையால்தான். குழந்தை மருத்துவத்தில் வந்தால் கடுமையான ஊட்டச்சத்துக் குறைபாடு, அதாவது 6 மாதம் முதல் 5 வயதுக்குள் இருக்கும் குழந்தையின் மேல்கைச் சுற்றளவு (தோளுக்கும் முழங்கைக்கும் நடுவில் அளப்பது) 11.5 செ.மீ.க்குக் கீழே இருந்தாலே இந்தக் கணக்கில் சேர்த்துவிடுவார்கள். அப்புறமும் குழப்பமா, துறையின் பெயரையும் சேர்த்துத் தேடுங்கள். மருத்துவ அறிக்கை என்றால் மட்டும் தேடிக்கொண்டிருக்காமல் டாக்டரிடமே கேட்டுவிடுங்கள்.