கொடுவாவுக்கு தூண்டில் போடப் போறீங்களா? மொதல்ல அது எங்க நிக்கும்னு தெரிஞ்சுக்கோங்க

கொடுவா புடிக்கணும்னு ஆசைப்பட்டு புதுசா வர்றவங்க எல்லாரும் கேக்குற மொத கேள்வி, எந்த லூர் (மீன் மாதிரி ஆடுற செயற்கை இரை) வாங்கலாம்ங்கறதுதான். என்னைக் கேட்டா அது கடைசியா கேக்க வேண்டிய கேள்வி. இந்த மீன் ரொம்ப தூரம் தொரத்திட்டு ஓடுற ஜாதி இல்ல, ஏதாவது ஒரு மறைப்புல அசையாம நின்னுக்கிட்டு தண்ணி இழுத்துட்டு வர்றத வாய தொறந்து உறிஞ்சிட்டு திரும்ப அங்கயே போய் நின்னுக்கும். அந்த எடம் எது, எப்ப அங்க வரும், இது ரெண்டும் தெரிஞ்சவன் சுமாரான லூர வச்சே புடிச்சிடுவான்.

எடம் தெரியணும்னா அதோட பொழப்பு தெரியணும். பாரசீக வளைகுடால ஆரம்பிச்சு இந்தியா, தென்கிழக்கு ஆசியா தாண்டி வட ஆஸ்திரேலியா வரைக்கும் இருக்கிற மீன் இது, அங்க பாரமுண்டின்னு சொல்லுவாங்க. கடல் உப்புலயும் இருக்கும், கழிமுகத்துலயும் இருக்கும், ஆத்துல நல்ல தண்ணிலயும் ஜம்முனு இருக்கும். ஆனா முட்டை போட மட்டும் உப்புத்தண்ணி வேணும், அதனால மழைக்காலத்த ஒட்டி பெரிய மீனெல்லாம் முகத்துவாரத்துப் பக்கம் எறங்கி வந்துடும், நிலாவையும் ஓதத்தையும் (கடல் தண்ணி ஏறி எறங்குறத) பாத்துதான் முட்டை விடும். ஒரு பெரிய தாய் மீன் கோடிக்கணக்குல முட்டை போடும், ஒரு நாளுக்குள்ள பொரிஞ்சுடும், குஞ்செல்லாம் ஏத்தத்தோட, அதாவது ஓதத்துல தண்ணி ஏறுறப்ப, அலையாத்திக்காட்டு சதுப்புக்குள்ள போய் ஒளிஞ்சு வளரும். அங்கயும் நிம்மதி கெடையாது, கொஞ்சம் பெருசா வளந்தது சின்னத முழுங்கிடும், தன் நீளத்துல பாதிக்கு மேல இருக்கிற தம்பியவே முழுங்குற மீன் இது. வளத்துப் பாத்தவங்களுக்கு தெரியும், சைஸ் வாரியா பிரிச்சுக்கிட்டே இருக்கலைன்னா தொட்டில பாதி காணாம போயிடும்.

இதுல முக்கியமான விஷயம், கொடுவா பெரும்பாலும் மொதல்ல ஆணாத்தான் வயசுக்கு வரும், 3லேர்ந்து 5 வருஷத்துல. அப்புறம் கொஞ்ச வருஷம் கழிச்சு, 80 செ.மீ. தாண்டுற சமயம், பெண்ணா மாறிடும். ஆக மீட்டர் சைஸ் மீன் ஒண்ணு உங்க தூண்டில்ல ஏறுதுன்னா அது அநேகமா முட்டை போடுற தாய் மீன்தான். இத மனசுல வச்சுக்கோங்க, கீழ திரும்ப வரும்.

சரி எங்க போடறது. ஏத்தம் வர்றப்ப தண்ணி அலையாத்தி வேருக்குள்ள எல்லாம் பூந்துடும், எறாலும் மடவைக் குஞ்சும் அது கூடவே உள்ள போயிடும், கொடுவாவும் உள்ள போயிடும், அப்ப நீங்க எங்க போட்டாலும் வேர்லதான் மாட்டும். வத்தம், அதாவது தண்ணி எறங்குறது, ஆரம்பிச்சு அதோட ரெண்டாவது பாதிதான் நம்ம நேரம். சின்னச் சின்ன வாய்க்காலெல்லாம் வடியும், உள்ள இருந்த இரை எல்லாம் வேற வழியில்லாம அந்தக் குறுகின வாய் வழியாத்தான் வெளிய வந்தாகணும், கொடுவா அந்த வாய்க்கு கொஞ்சம் வெளிய, கலங்கல் தண்ணியும் தெளிஞ்ச தண்ணியும் சேருற கோட்டுக்கு ஓரமா வந்து நிக்கும். அதே மாதிரி விழுந்து கெடக்குற மரம், பாறை, பாலத்துத் தூண், இதுல எதுலயும் நீவாடு (தண்ணி ஓட்டம்) நேரா மோதுற பக்கத்த விட அதுக்குப் பின்னாடி தண்ணி சுத்திக்கிட்டு நிக்கிற சின்ன எடம் இருக்கு பாருங்க, அதுல போடுங்க, மீன் அங்க மெனக்கெடாம நிக்கலாம். காத பொத்தாம உக்காந்தா சத்தத்துலயே தெரிஞ்சுடும், எறால் நாலஞ்சு மேல துள்ளும், அடுத்த நொடி தண்ணிக்கு கீழ கனமா 'டொப்'புன்னு ஒரு சத்தம், வாயையும் செவுளையும் ஒரே வீச்சுல விரிச்சு இரையத் தண்ணியோட இழுக்குற சத்தம் அது. சத்தம் கேட்ட எடத்துக்கு மேலயே போடாதீங்க, தண்ணி வர்ற பக்கமா ரெண்டு மீட்டர் தள்ளி போட்டு நீவாட்டுல கொண்டு வந்து விடுங்க.

கலங்கல் தண்ணில எப்படி பாக்கும்னு கேப்பீங்க. ராத்திரி டார்ச் அடிச்சா கண்ணு செவப்பா மின்னும், இருட்டுக்குன்னே அமைஞ்ச கண்ணு. அது போக உடம்போட ரெண்டு பக்கமும் ஓடுற உணர்கோடு வால் துடுப்பு வரைக்கும் நீளுது, அதிர்வ வச்சே இரை எங்கன்னு புடிச்சிடும். அதனால கலங்கல்ல நல்லா ஆடுற லூர், தெளிஞ்ச தண்ணில ராத்திரியோ விடியக்காலமோ, இவ்வளவுதான் கணக்கு. தண்ணி 20 டிகிரிக்கு கீழ போயிட்டா பசி செத்துடும், 26 தாண்டினா சுறுசுறுப்பு.

சாமானுக்கு வருவோம். ஆறரை ஏழடி ராடு, 4000 சைஸ் ரீல், இல்ல பெயிட்காஸ்டர் (ராடுக்கு மேல உக்கார்ற உருளை ரீல்) பழக்கம்னா அதுவே, 30 பவுண்டு பிரெய்டு (பின்னின நூல் லைன்). லீடர்ல (கொக்கிக்கு முன்னாடி கட்டுற தடிச்ச லைன் துண்டு) மட்டும் கஞ்சத்தனம் பண்ணாதீங்க, 50 பவுண்டாவது போடுங்க, செவுள் மூடியோட ஓரம் பிளேடு மாதிரி இருக்கும், வாயும் சொரசொரன்னு உப்புத்தாள் கணக்கா தேய்ச்சே அறுத்துடும். லூர் 10லேர்ந்து 15 செ.மீ. மின்னோ (சின்ன மீன் வடிவ லூர்) ஒண்ணு, வால் ஆடுற சாஃப்ட் பிளாஸ்டிக் ஒண்ணு, விடியக்காலத்துக்கு மேல மெதக்குற ஒண்ணு போதும். கலர பத்தி சண்டை போடுறவங்க போடட்டும். லூரோட வந்த கொக்கி மெல்லிசா இருந்தா கண்டிப்பா மாத்திடுங்க, இந்த மீன் கொக்கிய நிமித்திட்டுப் போயிடும். உயிர் இரைன்னா மடவையோ எறாலோ, வட்டக் கொக்கி 6/0 சைஸ் வாக்குல, வெடுக்குன்னு இழுக்காம மீன் இழுத்துட்டுப் போறப்ப ராட மெதுவா கனக்க விட்டா தானா வாய் ஓரத்துல ஏறிடும்.

லூர ஓட்டுறதுல நெறைய பேர் தப்பு பண்றது வேகத்துல. சும்மா சுத்திட்டே வராதீங்க. ரெண்டு தட்டு, அப்புறம் நிறுத்து. நிறுத்துறதுன்னா நெஜமாவே நிறுத்துங்க, மூணு நாலு நொடி. அடி பெரும்பாலும் அந்த நிக்கிற நேரத்துலதான் விழும். மேல்தண்ணி லூர்ல இன்னொரு கஷ்டம், தண்ணி வெடிச்ச உடனே கை தானா இழுத்துடும், லூர் மட்டும் மூஞ்சிக்கு பறந்து வரும், மீனோட கனம் கையில தெரிஞ்சப்புறம் இழுங்க.

மாட்டின உடனே மொத பத்து நொடி வேருக்குள்ள போக விடக்கூடாது, டிராக்க (மீன் இழுக்குறப்ப ரீல்ல லைன் எவ்வளவு சுலபமா வெளிய போகணும்ங்கற பிரேக்) இறுக்கமாவே வச்சு பக்கவாட்டுல இழுங்க. வெளிய வந்தப்புறம் துள்ளும், தலைய ஒதறும், அப்ப ராட் நுனிய தாழ்த்தி லைன் தொய்யாம வச்சுக்கோங்க. பக்கத்துல கொண்டு வந்தப்புறம் செவுள்ல கைய விடவே விடாதீங்க, சொன்னேன்ல பிளேடுன்னு. முடிச்சு இல்லாத ரப்பர் வலை நல்லது. போட்டோ எடுக்கணும்னா கைய நனைச்சுட்டு ஒரு கை தாடைல, ஒரு கை வயித்துக்கு அடில, படுக்கை வாக்குல. பெரிய மீன தாடைய மட்டும் புடிச்சு தொங்க விட்டா அதோட முழு கனமும் தாடையிலயும் முதுகெலும்புலயும் விழும், நீந்திப் போனாலும் பொழைக்குமாங்கறது சந்தேகம். மேல சொன்ன தாய் மீன் கதை இதுக்குத்தான், மீட்டர் மீன விட்டுடுங்க, திங்கறதுக்கு 60, 70 செ.மீ. மீனே ருசி.

சட்டமும் எடத்துக்கு எடம் இருக்கு, போறதுக்கு முன்னாடி பாத்துக்கோங்க. ஆஸ்திரேலியால குயின்ஸ்லாந்துல 58லேர்ந்து 120 செ.மீ.க்குள்ள இருந்தாத்தான் வச்சுக்கலாம், அதுக்கு மேல போனா விட்டாகணும், கிழக்குக் கடற்கரைல நவம்பர் 1லேர்ந்து பிப்ரவரி 1 வரைக்கும் முட்டை சீசன்னு தடை. வட ஆஸ்திரேலியா ஆறுங்கள்ல முதலையும் இதே வாய்க்கால் வாய்லதான் காத்திருக்கும், அதனால தண்ணி ஓரத்துல குனிஞ்சு மீன் கழுவுறது, முழங்கால் ஆழத்துல நின்னு வீசுறது, ரெண்டும் வேண்டாம்.

அணைங்கள்ல விட்டு வளக்குற கொடுவா தனிக் கணக்கு. அங்க உப்பு இல்லாததால இனம் பெருகாது, குஞ்சு கொண்டு வந்து விட்டாத்தான் உண்டு, ஆனா இரை கொட்டிக் கெடக்குறதால பூதாகாரமா வளரும், 2010ல குயின்ஸ்லாந்து மொண்டூரன் ஏரில புடிச்ச 44.64 கிலோ மீன் உலக ரெக்கார்டா பதிவாச்சு. ஏத்தம் வத்தம் இல்லாத எடம்ங்கறதால அங்க காத்துதான் நீவாடு. ரெண்டு மூணு நாளா காத்து ஒரே பக்கமா அடிச்சுதுன்னா மேல இருக்கிற சூடான தண்ணி எல்லாம் அந்தக் கரையில போய் சேரும், சின்ன மீனும் அங்கதான், நீங்களும் காத்து மூஞ்சில அடிச்சாலும் பரவால்லன்னு அந்தக் கரையில புல்லு முடியுற ஓரத்துல ஆரம்பிங்க.