ரொறன்ரோ கோடை முகாமில் தொண்டராகச் சேர: ஹைஸ்கூல் பிள்ளைகளுக்கு

ஒன்ராறியோவில் ஹைஸ்கூல் டிப்ளோமா எடுக்க 40 மணித்தியாலம் சமூக சேவை செய்திருக்க வேண்டும். 1999 முதல் இருக்கிற விதி. ஒன்பதாம் வகுப்புத் தொடங்குவதற்கு முந்திய கோடையிலிருந்தே கணக்கில் சேர்க்கலாம், ஆனால் ஊரிலிருந்து புதிதாக வந்த பிள்ளைகள் பலர் இதைக் கடைசி வருடத்தில்தான் கேள்விப்பட்டு, கிடைத்த இடத்தில் பெட்டி அடுக்கி மணித்தியாலத்தை நிரப்புகிறார்கள். என்னைக் கேட்டால் சிறுவர்களின் பகல் முகாமுக்குப் போங்கள் என்பேன். ஆங்கிலம் சரளமாக வராதே என்று தயங்க வேண்டாம். ஐந்து வயதுப் பிள்ளை உங்கள் உச்சரிப்பைப் பார்ப்பதில்லை, தன்னோடு நிலத்தில் இருந்து விளையாடுகிறீர்களா என்றுதான் பார்க்கும்.

முகாம் ஜூலை, ஆகஸ்ட்டில் என்றாலும் பெப்ரவரி, மார்ச்சிலேயே விசாரிக்கத் தொடங்குங்கள். நகரசபையின் சமூக நிலையங்கள், வை.எம்.சி.ஏ., பக்கத்துத் தேவாலயம் என்று எங்கும் கேட்கலாம். பயிற்சித் தலைவர் என்ற பெயரில் காசு கட்டிச் சேருகிற வகுப்புகளும் உண்டு, அவை வேறு. அதில் எந்த மணித்தியாலம் டிப்ளோமாவுக்குச் செல்லும் என்று பாடசாலை ஆலோசகரிடம் முதலிலேயே கேட்டுவிடுங்கள். 18 வயதாகிவிட்டால் பொலிஸ் சான்று கேட்பார்கள், அதற்கு நாளெடுக்கும். விண்ணப்பத்தில் எழுத ஒன்றுமில்லை என்று நினைக்காதீர்கள். தம்பி தங்கச்சியைப் பாடசாலையில் கொண்டுபோய் விட்டு, கூட்டி வந்து, சாப்பாடு கொடுத்தீர்கள் அல்லவா, அதுவும் அனுபவம்தான், எழுதுங்கள். நேர்முகத்தில் 'இரண்டு பிள்ளைகள் ஒரு பந்துக்குச் சண்டை போட்டால் என்ன செய்வாய்?' என்ற மாதிரிக் கேள்வி வரும். பந்தைப் பறிப்பேன் என்று சொல்லாமல், இருவரையும் தனித்தனியே கேட்பேன், அடங்காவிட்டால் பெரியவரைக் கூப்பிடுவேன் என்று சொல்லுங்கள்.

சரி, இடம் கிடைத்துவிட்டது. முதல் நாளே பழக வேண்டியது எண்ணுவது. அறையை விட்டு வெளியேறும்போது, தெருவைக் கடக்கும் முன், கடந்த பின், கழிவறையிலிருந்து திரும்பியதும் ஒவ்வொரு தலையாக எண்ணுங்கள், ஊழியர் எண்ணியிருந்தாலும் நீங்களும் எண்ணுங்கள். ஒரு பிள்ளையோடு மூடிய அறையில் தனியே இருக்க வேண்டாம், கதவு திறந்திருக்கட்டும் அல்லது இன்னொருவர் கூட வரட்டும். உங்கள் போனில் பிள்ளைகளைப் படம் எடுக்கவே கூடாது. யாருக்கு என்ன ஒவ்வாமை, எப்பிபென் (ஒவ்வாமைக்கு உடனே போடும் ஊசி) யாருடைய பையில் என்று திங்கள் காலையிலேயே கேட்டு மனதில் வையுங்கள். கச்சான் ஒவ்வாமை உள்ள பிள்ளைக்கு முகம் வீங்கி மூச்சு இழுத்தால், ஊழியர் ஊசியைத் தொடையின் வெளிப்பக்கத்தில் போட, நீங்கள் 911 அழைக்க வேண்டிவரும். இடி கேட்டால் உடனே உள்ளே, கடைசி இடிக்குப் பிறகு 30 நிமிடம் வரை வெளியே வரக்கூடாது. ஸ்காபரோவின் ரூஜ் காட்டுப் பக்கம் நடக்கப் போனால் உண்ணி இருக்கும், காற்சட்டை நுனியைச் சொக்ஸுக்குள் விடச் சொல்லுங்கள், திரும்பியதும் பாருங்கள்.

மாலையில் கூட்டிச் செல்ல வருபவர் பற்றி நம்மவர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். பிள்ளை 'பெரியப்பா!' என்று கத்திக்கொண்டு ஓடும், அவரும் ஊர்க்காரராக, உங்கள் அப்பாவைத் தெரிந்தவராகக்கூட இருக்கலாம். கூட்டிச் செல்ல அனுமதி உள்ளவர்களின் பட்டியலில் பெயர் இல்லையென்றால் விடக்கூடாது. 'கொஞ்சம் பொறுங்கோ அங்கிள், ஒருக்கா கேட்டுச் சொல்லுறன்' என்று மரியாதையாகச் சொல்லி மேற்பார்வையாளரைக் கூப்பிடுங்கள். அவர் கோபித்தாலும் பரவாயில்லை.

திங்கள் காலையில் ஒரு பிள்ளையாவது அழும். 'அழாதே' என்று திரும்பத் திரும்பச் சொல்லிப் பயனில்லை. முழங்காலிட்டு முகத்துக்கு நேராகக் கதையுங்கள், அப்புறம் ஒரு வேலை கொடுங்கள். பந்துப் பையின் ஒரு காதைப் பிடித்துக்கொண்டு உங்களோடு மைதானம் வரை நடக்கிற பிள்ளை பாதி வழியிலேயே அழுகையை மறந்துவிடும். மதியச் சாப்பாட்டு நேரத்தில் இன்னும் கவனம் வேண்டும். புட்டும் முட்டைப் பொரியலும் கொண்டுவந்த பிள்ளை பெட்டியின் மூடியைப் பாதி திறந்து, மணத்துக்குப் பக்கத்தில் இருப்பவர் ஏதும் சொல்வாரோ என்று பார்த்து, மறுபடி மூடிவிடும். எதுவும் விளக்காமல் பக்கத்தில் போய் உட்கார்ந்து உங்கள் பெட்டியைத் திறந்து சாப்பிடுங்கள். முகாமில் உங்களால் செய்யக்கூடிய மிகப் பெரிய உதவிகளில் ஒன்று அது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

விளையாட்டு தீர்ந்துபோனால் கிளித்தட்டு இருக்கிறது. கூடைப்பந்துத் தரையில் சோக்கால் கோடு போட்டால் போதும். விதியை நீளமாகச் சொல்லாமல் ஒருமுறை ஓடிக் காட்டுங்கள்.

ஒரு பிள்ளை வீட்டில் அடிக்கிறார்கள் என்று உங்களிடம் சொன்னால், 'யாரிடமும் சொல்லமாட்டேன்' என்று வாக்குக் கொடுக்க வேண்டாம். துருவிக் கேட்கவும் வேண்டாம். அன்றைக்கே மேற்பார்வையாளரிடம் சொல்லி, அவரோடு சேர்ந்து சில்ட்ரன்ஸ் எயிட் என்கிற சிறுவர் பாதுகாப்பு அமைப்புக்கு அழையுங்கள்.

நாளுக்கு எட்டு மணித்தியாலம் என்றால் 40 ஐந்தே நாளில் முடிந்துவிடும். பிள்ளைகளை வாரக் கணக்கில்தான் பதிவார்கள், ஆகவே எடுத்த வாரத்தை வெள்ளி வரை முடித்துவிட்டு விலகுங்கள், உங்களைப் பிடித்துக்கொண்ட பிள்ளை புதன்கிழமை உங்களைத் தேடக்கூடாது. முடிந்தால் கோடை முழுக்க நில்லுங்கள். சேவை மணித்தியாலப் படிவத்தில் கையெழுத்தைக் கடைசி நாளே வாங்குங்கள், கோடைக்கு மட்டும் வேலைக்கு வந்த மேற்பார்வையாளரைச் செப்டெம்பரில் பிடிப்பது கஷ்டம். சான்றுக் கடிதமும் அப்போதே கேளுங்கள். அடுத்த வருடம் சம்பள வேலைக்கு விண்ணப்பிக்க அது தேவைப்படும்.