பொறியியல் ஜர்னலுக்கு முதல் கட்டுரையை அனுப்புவது எப்படி?

ஆய்வு முடிந்தது, கட்டுரையும் எழுதியாகிவிட்டது, இனி அப்லோட் செய்வதுதானே பாக்கி என்று தோன்றும். ஆனால் நல்ல ஆய்வுகள்கூட மதிப்பாய்வாளர் (கட்டுரையை மதிப்பிடும் துறை வல்லுநர்) கைக்குப் போகாமல், இதழாசிரியரிடமிருந்தே திரும்பி வந்துவிடுவதுண்டு. 'டெஸ்க் ரிஜெக்ட்' என்பது இதுதான். திரும்பத் திரும்ப வரும் காரணங்கள் மூன்று: ஜர்னல் பொருந்தவில்லை, புதுமை என்னவென்று முதல் பக்கத்தில் தெரியவில்லை, கோப்புகள் ஒழுங்காக இல்லை. மூன்றையும் அனுப்புவதற்கு முன்பே சரிசெய்துவிடலாம்.

விளக்கத்துக்கு ஒரு கட்டுரையை எடுத்துக்கொள்வோம்: மோட்டார் பேரிங்கின் பழுதை அதிர்வு சிக்னலை வைத்துக் கண்டறியும் ஒரு புதிய முறை.

படி 1: ஜர்னலைத் தேர்ந்தெடுப்பது

முதலில் உங்கள் கட்டுரையின் மேற்கோள் பட்டியலைத் திறந்து, எந்த ஜர்னல் பெயர் அடிக்கடி வருகிறது என்று எண்ணுங்கள். நீங்கள் படித்து வளர்ந்த ஜர்னலின் வாசகர்கள்தான் உங்கள் கட்டுரையையும் படிக்கப்போகிறவர்கள். அதில் முன்னுக்கு வரும் மூன்று ஜர்னல்களின் 'எய்ம்ஸ் அண்ட் ஸ்கோப்' (நோக்கமும் பொருள் வரம்பும்) பக்கத்தைப் படித்துவிட்டு, ஒவ்வொன்றிலும் அண்மையில் வந்த பத்துக் கட்டுரைகளைப் புரட்டுங்கள். சிமுலேஷன் மட்டும் உள்ள கட்டுரைகள் வருகின்றனவா, சோதனைத் தரவு இல்லாமல் எதுவுமே வருவதில்லையா? ஸ்கோப் பக்கம் சொல்லாத விதிகள் அங்கேதான் தெரியும்.

ஒரே ஆய்வு இரண்டு இடத்துக்குப் பொருந்தலாம். பேரிங் கட்டுரையில் சிக்னல் பகுப்பாய்வும் இயந்திர நடத்தையும் முன்னால் நின்றால் 'மெக்கானிக்கல் சிஸ்டம்ஸ் அண்ட் சிக்னல் ப்ராசஸிங்' பக்கம் பார்க்கலாம். சென்சாரும் அளவீட்டுத் துல்லியமும்தான் பலம் என்றால் 'ஐஇஇஇ டிரான்சாக்‌ஷன்ஸ் ஆன் இன்ஸ்ட்ருமென்டேஷன் அண்ட் மெஷர்மென்ட்' (ஐஇஇஇ என்பது மின், மின்னணுப் பொறியாளர்களின் சங்கம்). எதை முதன்மைப்படுத்தப் போகிறீர்கள் என்று முடிவு செய்தபின் முன்னுரையை அதற்கேற்ப மாற்றி எழுத வேண்டும். இந்த வேலையைத் தவிர்க்காதீர்கள்.

போலி ஜர்னல்களிடம் எச்சரிக்கை தேவை. ஜர்னலின் ஐஎஸ்எஸ்என் எண்ணை (ஜர்னலின் அடையாள எண்) ஆய்விதழ்த் தரவுத்தளங்களான ஸ்கோபஸின் பட்டியலிலும் வெப் ஆஃப் சயின்ஸின் மாஸ்டர் ஜர்னல் லிஸ்டிலும் நீங்களே தேடுங்கள். திறந்த அணுக்க ஜர்னல் (யாரும் இலவசமாகப் படிக்கக்கூடியது) என்றால் அத்தகைய ஜர்னல்களின் டிஓஏஜே பட்டியலையும் பாருங்கள். இம்பாக்ட் ஃபாக்டர் என்பது ஜர்னலின் கட்டுரைகள் எவ்வளவு மேற்கோள் காட்டப்படுகின்றன என்பதை வைத்து கிளாரிவேட் நிறுவனம் வெளியிடும் அளவீடு. வேறு பெயரில் யாரோ கொடுத்த 'ஃபாக்டர்' எதையும் கணக்கில் எடுக்க வேண்டாம். ஒரு வாரத்தில் ஏற்றுக்கொள்வதாக மின்னஞ்சலில் அழைப்பு வந்தால் ஒதுங்கிவிடுங்கள். உண்மையான ஜர்னலின் பெயரிலேயே போலித் தளம் நடத்துவோரும் உண்டு. ஆகவே தேடல் முடிவில் வரும் இணைப்பை நம்பாமல், பதிப்பகத்தின் தளத்திலிருந்தே உள்ளே போங்கள்.

கட்டணத்தையும் இப்போதே பாருங்கள். ஹைப்ரிட் ஜர்னலில் (சந்தா, திறந்த அணுக்கம் என இரண்டு வழியும் உள்ளது) சந்தா வழியைத் தேர்ந்தெடுத்தால் வெளியீட்டுக் கட்டணம் பொதுவாக இல்லை. ஆனால் பக்க வரம்பைத் தாண்டினால் கூடுதல் பக்கத்துக்குக் கட்டாயக் கட்டணம் கேட்கும் ஐஇஇஇ ஜர்னல்கள் உண்டு.

ஒரு நேரத்தில் ஒரே ஜர்னலுக்குத்தான் அனுப்பலாம். இரண்டுக்கு அனுப்பி, முதலில் ஏற்பதை வைத்துக்கொள்வது ஆய்வு நெறி மீறல். பெரும்பாலும் பிடிபட்டுவிடும், ஏனென்றால் குறுகிய துறைகளில் இரண்டு ஜர்னலும் ஒரே மதிப்பாய்வாளரைத்தான் தேடிப் போகும்.

படி 2: ஆசிரியர் பட்டியல்

பெயர்களின் வரிசை, தொடர்பு ஆசிரியர் யார், ஒவ்வொருவரின் பங்கு என்ன ஆகிய மூன்றையும் எழுத்தில் பேசி முடியுங்கள். பல ஜர்னல்கள் யார் எதைச் செய்தார் என்பதைக் குறிக்கும், 14 பங்குகள் கொண்ட 'கிரெடிட்' வகைப்பாட்டில் பங்களிப்பைக் கேட்கின்றன. அனுப்பிய பிறகு ஒரு பெயரைச் சேர்க்கவோ நீக்கவோ வேண்டுமென்றால் எல்லா ஆசிரியர்களின் சம்மதமும் விளக்கமும் கேட்பார்கள். ஆய்வாளரின் அடையாள எண்ணான 16 இலக்க ஆர்க்கிட் எண்ணை முன்பே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், அது இலவசம். செயற்கை நுண்ணறிவுக் கருவியை ஆசிரியராகப் போட முடியாது. பயன்படுத்தியிருந்தால் ஜர்னல் சொல்லும் இடத்தில் அதை வெளிப்படையாக எழுதுங்கள்.

படி 3: புதுமையை முதல் பக்கத்தில் காட்டுவது

"பேரிங் பழுதைக் கண்டறிய ஒரு மேம்பட்ட முறை முன்மொழியப்படுகிறது" என்ற வரி இதழாசிரியருக்கு எதையும் சொல்வதில்லை. எது மேம்பட்டது, எதைவிட, எந்தச் சூழலில்? இப்படி எழுதிப் பாருங்கள்: "சுழல் வேகம் மாறும்போது பழுதின் அதிர்வெண்ணும் கூடவே நகர்வதால் ஸ்பெக்ட்ரத்தில் உச்சி பரவிவிடுகிறது. நடப்பிலுள்ள முறைகள் இதைச் சமாளிக்கத் தனி வேக சென்சாரை நம்புகின்றன. எங்கள் முறை அதிர்வு சிக்னலிலிருந்தே வேகத்தைக் கணிக்கிறது." குறை, அதன் காரணம், நீங்கள் செய்தது என மூன்றும் மூன்று வாக்கியத்தில் வந்துவிட்டன. நான்காவதாக ஒரு எண் வேண்டும்: பிழை எவ்வளவு குறைந்தது, எதனோடு ஒப்பிட்டு?

ஐஇஇஇ ஜர்னல்களில் சுருக்கம் பொதுவாக 150 முதல் 250 சொற்கள். அதில் மேற்கோள் எண் வரக்கூடாது. எல்செவியர் பதிப்பகத்தின் ஜர்னல்கள் பலவற்றில் 'ஹைலைட்ஸ்' என்று தனிக் கோப்பு கேட்பார்கள்: 3 முதல் 5 வரிகள், ஒவ்வொன்றும் இடைவெளி உட்பட 85 எழுத்துகளுக்குள்.

படி 4: படங்கள்

தொடக்கநிலை ஆய்வாளர்களின் கோப்புகளில் அதிகம் கெடுவது இதுதான். பக்கத்தில் ஒரு நெடுவரிசையின் அகலம் எல்செவியரில் 90 மி.மீ., ஐஇஇஇயில் 3.5 அங்குலம், இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான். 90 மி.மீ. படம் 300 டிபிஐயில் (ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளிகள்) இருக்க 1063 பிக்சல் அகலம் வேண்டும். கோட்டு வரைபடத்துக்கு எல்செவியர் கேட்பது 1000 டிபிஐ, அதாவது 3543 பிக்சல். திரையிலிருந்து ஸ்கிரீன்ஷாட் எடுத்தால் இது கிடைக்காது. கோட்டு வரைபடங்களை வெக்டர் (எந்த அளவிலும் மங்காத) பிடிஎஃப் அல்லது இபிஎஸ் ஆகச் சேமித்துவிட்டால் இந்தக் கணக்கே தேவையில்லை.

எழுத்தின் அளவையும் கவனியுங்கள். 10 அங்குல அகலத்தில் 10 பாயின்ட் எழுத்தோடு வரைந்த படத்தை 3.5 அங்குலத்துக்குச் சுருக்கினால் எழுத்து 3.5 பாயின்ட் ஆகிவிடும், யாராலும் படிக்க முடியாது. முதலிலேயே 3.5 அங்குலத்தில் 8 பாயின்ட் எழுத்து வைத்து வரையுங்கள். படம் வரையப் பைத்தானின் மேட்பிளாட்லிப் பயன்படுத்தினால், பிடிஎஃப்பில் இயல்பாக டைப் 3 எழுத்துரு பதிகிறது. பதிப்பகங்களின் சோதனையில் இது தடைபடலாம். எழுத்துரு வகையை 42 என்று மாற்றிவிட்டால் சரியாகிவிடும். கோடுகளை நிறத்தால் மட்டும் பிரிக்காமல் புள்ளிக்கோடு, குறி ஆகியவற்றாலும் பிரியுங்கள், கறுப்பு வெள்ளையில் அச்சிட்டுப் படிப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

படி 5: ஒப்புமைச் சோதனை, கவர் லெட்டர்

பதிப்பகங்கள் பல ஐதென்டிகேட் மென்பொருளில், ஏற்கெனவே வெளியானவற்றோடு உள்ள ஒப்புமையைப் பார்க்கின்றன. எல்லா ஜர்னலுக்கும் பொதுவான பாதுகாப்பான சதவீதம் எதுவும் கிடையாது. மேற்கோள் பட்டியலால் வரும் ஒப்புமையை யாரும் பொருட்படுத்துவதில்லை. முடிவுகள் பகுதியில் ஒரே மூலத்திலிருந்து ஒரு முழுப் பத்தி ஒத்துப்போனால் அதுவே போதும் சந்தேகம் வர. மாநாட்டில் வெளியான கட்டுரையை விரிவாக்கியிருந்தால், அதை மேற்கோள் காட்டி, புதிதாகச் சேர்ந்தது என்ன என்பதைக் கவர் லெட்டரில் (கட்டுரையோடு இதழாசிரியருக்கு அனுப்பும் கடிதம்) எழுதுங்கள்.

கவர் லெட்டர் ஒரு பக்கத்துக்குள் முடிய வேண்டும்: தலைப்பு, புதுமை மூன்று வரிகளில், இந்த ஜர்னலின் வாசகருக்கு ஏன் வேண்டும், வேறெங்கும் பரிசீலனையில் இல்லை என்ற உறுதி. சுருக்கத்தை அப்படியே ஒட்டாதீர்கள்.

படி 6: தளத்தில் ஏற்றுவது

கட்டுரை ஏற்றும் தளம் எடிட்டோரியல் மேனேஜரோ ஸ்காலர்ஒன்னோ, வரிசை ஏறக்குறைய ஒன்றுதான்: கட்டுரை வகை, கோப்புகள், துறைச் சொற்கள், கேள்விகள், ஆசிரியர் விவரம். மதிப்பாய்வாளர்களைப் பரிந்துரைக்கச் சொன்னால் உங்கள் நிறுவனத்தவரையோ அண்மையில் உங்களோடு சேர்ந்து எழுதியவரையோ கொடுக்க வேண்டாம். பரிந்துரைப்பவர்களின் நிறுவன மின்னஞ்சல் முகவரியையே கொடுங்கள்.

லேடெக் என்ற ஆவணம் தயாரிக்கும் மென்பொருளில் எழுதியவர்கள் எல்லாக் கோப்புகளையும் ஒரே ஃபோல்டரில் வையுங்கள். துணை ஃபோல்டரில் படங்கள் இருந்தால் பல தளங்கள் கண்டுபிடிக்காது, பிடிஎஃப்பில் படம் இருக்க வேண்டிய இடம் காலியாக வரும். மேற்கோள் எண்களுக்குப் பதில் கேள்விக்குறி வந்தால் மேற்கோள் பட்டியல் அடங்கிய பிபிஎல் கோப்பையும் சேர்த்து ஏற்றிப் பாருங்கள்.

இருபுறமும் பெயர் மறைத்த மதிப்பாய்வு என்றால் பெயர்களும் நன்றியுரையும் தனி முகப்புப் பக்கக் கோப்பில்தான் இருக்க வேண்டும். கோப்பின் 'ப்ராப்பர்ட்டீஸ்' பகுதியில் உள்ள பெயரையும், கட்டுரைக்குள் கொடுத்த கிட்ஹப் இணைப்பில் தெரியும் பெயரையும் நீக்க மறந்துவிடாதீர்கள்.

எடிட்டோரியல் மேனேஜரில் 'பில்ட் பிடிஎஃப்' கொடுத்ததும் வேலை முடிந்துவிட்டது என்று பலர் தளத்தை மூடிவிடுகிறார்கள். முடியவில்லை. தளம் உருவாக்கிய பிடிஎஃப்பைத் திறந்து பார்த்து, 'அப்ரூவ் சப்மிஷன்' அழுத்தினால்தான் கட்டுரை ஜர்னலுக்குப் போகும். அதுவரை ஆசிரியர் ஒப்புதலுக்காகக் காத்திருக்கும் பட்டியலிலேயே கிடக்கும். திறக்கும்போது ஒவ்வொரு சமன்பாட்டையும் பாருங்கள். வேர்டு கோப்பு பிடிஎஃப் ஆகும்போது கிரேக்க எழுத்துகள் கட்டங்களாக மாறுவதுண்டு. ஒப்புதலுக்குப் பின் கட்டுரை எண் மின்னஞ்சலில் வரும்.

படி 7: முடிவு வந்த பின்

'வித் எடிட்டர்' (இதழாசிரியரிடம் இருக்கிறது) என்ற நிலை மாறாமல் இரண்டு மாதம் தாண்டினால், கட்டுரை எண்ணைக் குறிப்பிட்டு இரண்டு வரியில் விசாரிக்கலாம். 'மேஜர் ரிவிஷன்' (பெரிய திருத்தம் தேவை) என்று முடிவு வந்தால் மனம் தளராதீர்கள், கதவு திறந்திருக்கிறது என்று பொருள். கெடு தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள். போதாது என்று தோன்றினால் கெடு முடியும் முன்பே நீட்டிப்புக் கேளுங்கள்.

மதிப்பாய்வாளரின் ஒவ்வொரு கருத்தையும் முழுதாக நகலெடுத்து, அதன் கீழே பதில் எழுதுங்கள். பேரிங் துறையில் கேஸ் வெஸ்டர்ன் ரிசர்வ் பல்கலைக்கழகத்தின் பொதுத் தரவை மட்டும் வைத்துச் சோதித்தால் "வேறு தரவில் இது நிற்குமா?" என்ற கேள்வி எதிர்பார்க்கக்கூடியது. அதற்கு "நன்றி, திருத்திவிட்டோம்" என்பது பதிலாகாது. "இரண்டாவது தரவுத்தொகுப்பில் சோதித்தோம், முடிவு பக்கம் 9, வரி 214 முதல் 231 வரை, அட்டவணை 5" என்று இடத்தைச் சுட்டுங்கள். கருத்தோடு உடன்படவில்லை என்றால் தரவைக் காட்டி, மரியாதையாக மறுக்கலாம். ஒரு கருத்தைக்கூடத் தாண்டிப் போகாதீர்கள்.

திருத்தத்தோடு பதில் கடிதம், மாற்றங்கள் குறிக்கப்பட்ட பிரதி, சுத்தமான பிரதி என மூன்று கோப்புகள் போக வேண்டும். லேடெக்கில் எழுதியிருந்தால் லேடெக்டிஃப் கருவி குறிக்கப்பட்ட பிரதியைத் தானாகவே உருவாக்கித் தரும். பதிலில் கொடுத்த வரி எண்கள் எந்தப் பிரதிக்கு உரியவை என்று கடிதத்தின் முதல் வரியிலேயே எழுதிவிடுங்கள். குறிக்கப்பட்ட பிரதியில் நீக்கிய வரிகளும் எண்ணில் சேர்வதால் இரண்டும் ஒத்துப்போகாது.