தரையில மேயுற மீனுக்கு தங்கூசியும் ஈயமும் கட்டுறது எப்படி

கரையில நின்னு கிழங்கான், கெளுத்தி, கலவா மாதிரி அடியில இரை தேடுற மீனைப் பிடிக்கணும்னா ஈயத்தை எங்க கட்டுறோம்ங்கறதுதான் முதல் விஷயம், ராட் ரீல் விலையெல்லாம் அப்புறம். அதுக்கு அடியில மணலா பாறையான்னு தெரியணும், அங்க தினமும் தூண்டில் போடுறவங்ககிட்ட கேட்டுக்கோங்க.

மணல்னா ஓடுற ஈயம்தான் என் சாய்ஸ். 0.35 மி.மீ. தங்கூசில, அதாவது நைலான் தூண்டில் நரம்புல, நடுவுல ஓட்டை இருக்கிற முட்டை ஈயத்தைக் கோத்துட்டு, அடுத்து ஒரு பாசிமணி, கடைசியா ஸ்விவல், அதாவது ரெண்டு பக்கமும் வளையம் வச்ச சுழலுற இணைப்பு, கட்டுங்க. மணி இல்லேன்னா ஒவ்வொரு வீச்சுக்கும் ஈயம் முடிச்சுல இடிச்சு இடிச்சு தங்கூசி நைஞ்சிடும். ஸ்விவலோட அந்தப்பக்க வளையத்துல ரெண்டு அடி லீடர் (முள் கட்டுற தனித் தங்கூசித் துண்டு), அது நுனியில முள் (தூண்டில் கொக்கி), அவ்வளவுதான். மீன் இரையைக் கவ்விட்டு நகரும்போது தங்கூசி மட்டும் ஈயத்துக்குள்ள வழுக்கிட்டுப் போகும், கனம் தெரியாததால சட்டுனு துப்பாது. ரீல்ல தங்கூசி எவ்வளவு இறுக்கமா வெளிய போகணும்னு வைக்கிற ட்ராக் (drag) கொஞ்சம் லூஸா இருக்கட்டும்.

முள்ளு நம்பர்ல புதுசா வர்றவங்க குழம்புவாங்க. 4, 6, 8ன்னு ஏற ஏற முள் சின்னதாகும், 1/0, 2/0ன்னு போட்டிருந்தா ஏற ஏற பெருசாகும். கிழங்கானுக்கு வாய் சின்னது, 6 இல்ல 8 போடுங்க, கலவாவுக்கு 2/0.

இப்ப முடிச்சு, இதுல அவசரமே வேண்டாம். தங்கூசியை வளையத்துக்குள்ள விட்டு, நுனியை நீள தங்கூசி மேல 5, 6 சுத்து சுத்தி, வளையத்தை ஒட்டி இருக்கிற சின்ன கண்ணிக்குள்ள நுழைச்சு, அப்ப வர்ற பெரிய கண்ணிக்குள்ளயும் நுழைச்சு, தண்ணில நனைச்சுட்டு மெதுவா இழுத்து இறுக்குங்க. காய்ஞ்சபடியே இழுத்தா உரசுற சூட்டுலயே நைலான் பலம் போயிடும். எச்சில் வேண்டாம், ஈயம் தொட்ட விரல் வாய்க்குப் போகவே கூடாது. நுனியை 3 மி.மீ. விட்டு வெட்டுங்க, வெட்டின துண்டைப் பையில போட்டுக்கோங்க, ஆமையும் பறவையும் அதுல சிக்கித் தவிக்குது.

பாறைன்னா கதை தலைகீழ், முள் மேல, ஈயம் கீழ. மூணு வளைய ஸ்விவல் வாங்கி ஒண்ணுல மெயின் தங்கூசி, ஒண்ணுல ஒரு சாண் லீடரோட முள், மூணாவதுல ஒண்ணரை அடிக்கு ஈயம். இந்த ஈயத் தங்கூசி மட்டும் மெல்லிசா, 0.25 இருக்கணும். ஈயம் இடுக்குல மாட்டிக்கிச்சுன்னா அது மட்டும் அறுந்து போகும், முள்ளும் அதுல இருக்கிற மீனும் கைக்கு வந்துடும்.

எடை 30 கிராம்ல ஆரம்பிங்க. இரை ஒரே இடத்துல நிக்காம இழுத்துட்டுப் போனா 50, 60ன்னு ஏத்துங்க, பாம்பன் கால்வாய் மாதிரி நீரோட்டம் பலமான இடத்துல இன்னும் கூட தேவைப்படும், ஆனா ராட்ல எழுதியிருக்கிற எடையைத் தாண்டாதீங்க.

இறாலோ கணவாய்த் துண்டோ கோத்து, முள் முனை வெளிய தெரியுற மாதிரி விட்டு வீசுங்க. ஈயம் தரையைத் தொட்டதும் தொய்வைச் சுத்தி எடுங்க. அப்புறம் தங்கூசி திடீர்னு தொய்ஞ்சா மீன் கவ்விட்டு உங்க பக்கமா வருதுன்னு அர்த்தம், யோசிக்காம ரீலைச் சுத்துங்க.