‘நோட்டு’ என்று மொட்டையாக எழுதாதீர்கள்

யாங்கூனில் எங்கள் தெருப் பையன்கள் இரண்டு பேர் மொழிபெயர்ப்பு வேலையில் இறங்கியிருக்கிறார்கள். பர்மாவிலிருந்து ஊர் திரும்பிய குடும்பங்கள் பழைய கணக்கு, கடிதம், ரசீது என்று கட்டுக்கட்டாக அனுப்புகின்றன. இவர்கள் படித்துத் தமிழில் எழுதித் தர வேண்டும். எழுதியதை என்னிடம் காட்ட வருவார்கள். பார்த்தால், அந்தக் காலத்தில் நான் செய்த தவறுகள் ஒன்றுவிடாமல் இருக்கின்றன.

பர்மாவின் பணம் கியாட், நூறு பியா சேர்ந்தால் ஒரு கியாட் என்பது போன்ற பாலபாடத்தை விட்டுவிடுகிறேன்.

எஃப்.இ.சி.யை டாலர் என்று எழுதுவது

இது இன்றைக்கும் எனக்கு எரிச்சல் மூட்டும் விஷயம். காரணம், கைக்காசு போனது.

1993-ல் இந்த நாட்டு மத்திய வங்கி ஃபாரின் எக்ஸ்சேஞ்ச் சர்டிஃபிகேட் என்று ஒரு தாளை வெளியிட்டது. எல்லோருக்கும் அது எஃப்.இ.சி.தான். 1, 5, 10, 20 என்ற மதிப்புகளில் வந்தது. பார்க்க நோட்டு மாதிரியே இருக்கும். ஒரு எஃப்.இ.சி. ஒரு அமெரிக்க டாலருக்குச் சமம் என்பது அரசின் கணக்கு. தனியாகச் சுற்றுலா வருகிறவர் விமான நிலையத்தில் இறங்கியதுமே குறிப்பிட்ட தொகைக்கு இதை வாங்கியாக வேண்டியிருந்தது. ஒரு காலத்தில் 300 டாலர், அப்புறம் 200.

தெருவில் நடந்தது வேறு. அசல் டாலருக்கு ஒரு விலை, எஃப்.இ.சி.க்கு அதைவிடக் கொஞ்சம் குறைந்த விலை. இந்த இரண்டும் போக அரசு விலை என்று மூன்றாவது ஒன்று இருந்தது. டாலருக்கு ஏறக்குறைய 6 கியாட். தெருவில் நூற்றுக்கணக்கில் போய்க்கொண்டிருந்தபோதும் அரசுக் காகிதத்தில் அந்த ஆறு அசையவில்லை. 2012 ஏப்ரலில்தான் அதைக் கைவிட்டு, 818 கியாட் என்று தொடங்கினார்கள்.

அந்த நாட்களில் உளுந்து வாங்க சென்னையிலிருந்து ஒரு வியாபாரி வந்தார். அவருக்காகக் கார் பேசிக் கொடுத்தவன் நான். ‘நாளுக்கு 20 டாலர்’ என்று தமிழில் ஒரு தாளும் பர்மியத்தில் ஒரு தாளும் எழுதி இருவரிடமும் கொடுத்தேன். பத்தாம் நாள் அவர் விமான நிலையத்தில் வாங்கிய எஃப்.இ.சி.யை எண்ணி வைத்தார். கார்க்காரர் தாளை நீட்டி, “இதில் டாலர் என்றுதானே இருக்கிறது?” என்றார். வியாபாரியோ, “ஒன்றுக்கு ஒன்று சமம் என்று சொல்லித்தானே விற்றார்கள்?” என்றார். இரண்டு பேர் சொன்னதும் சரி. தப்பு என் பேனாவில். பத்து நாள் வாடகையின் வித்தியாசத்தை என் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன்.

போன மாதம் ஒரு பையன் பாகப்பிரிவினைக்காக 1990-களின் கணக்கைத் தமிழாக்கிக் கொண்டுவந்தான். மூலத்தில் எஃப்.இ.சி. என்று இருக்கிற இடமெல்லாம் டாலர். “தம்பி, ஏன்?” என்று கேட்டேன். “ரெண்டும் ஒண்ணுதானே அண்ணே” என்றான். கூடவே அந்தத் தொகையை அரசு விலையில் கியாட்டாக்கி ஓரத்தில் குறித்தும் வைத்திருந்தான். அதை நம்பிப் பங்கு போட்டிருந்தால் அண்ணன் தம்பி இரண்டு பேரும் கோர்ட்டில்தான் சந்தித்திருப்பார்கள்.

எனவே டாலர், எஃப்.இ.சி., கியாட் மூன்றையும் தனித்தனிப் பத்தியில் எழுதுங்கள். மூலத்தில் விலைவீதம் இல்லையென்றால் நீங்களாகப் போடாதீர்கள். பெயரைத் தமிழாக்கவும் வேண்டாம். ‘வெளிநாட்டுப் பரிமாற்றச் சான்றிதழ்’ என்று நான் ஒருமுறை எழுதப்போய், அதைப் படித்த பெரியவர், “யார் வெளிநாட்டில் படித்தது?” என்று கேட்டார். 2013-ல் அந்தத் தாளே ஒழிந்துவிட்டது, ஆனால் பழைய கணக்குகளில் அது உயிரோடுதான் இருக்கிறது.

ஜப்பான் நோட்டை ரூபாயோடு கூட்டுவது

போருக்கு முன் இங்கே ஓடியது ரூபாய். 1942 முதல் 1945 வரை ஜப்பானியர் அச்சிட்டு இங்கே புழக்கத்தில் விட்டதும் ரூபாய்தான், சில்லறைக்கு சென்ட். தாளில் ‘பி’ என்ற எழுத்து இருக்கும், அது பர்மாவுக்கான அடையாளம். மலாயாவுக்கு ‘எம்’. போர் முடிந்ததும் அது வெறும் காகிதம். வெள்ளைக்காரர் திரும்பி வந்து, பர்மாவில் மட்டும் செல்லும் என்று மேலே அச்சடித்த இந்திய நோட்டுகளைக் கொடுத்தார்கள். பேரேட்டில் மூன்றும் ‘ரூ’ என்றே இருக்கும். 1941 வரவையும் 1944 வரவையும் ஒன்றாகக் கூட்டினால், நெல்லையும் பதரையும் ஒரே மரக்காலில் அளந்த மாதிரி. தேதியைப் பார்த்துப் பிரியுங்கள். பழைய கடனை ஜப்பான் நோட்டில் அடைத்தவர்களும் உண்டு, அந்த வரியில் ஒரு குறிப்புப் போடுங்கள்.

உண்டியல்

கோயில் உண்டியல் இல்லை. செட்டியார் கடைக் கணக்கில் உண்டியல் என்றால் ஓர் ஊரில் பணம் கட்டி இன்னோர் ஊரில் வாங்கிக்கொள்ளும் ஓலை. தரிசன உண்டியல் என்று இருந்தால் காட்டியவுடன் பணம். சாமி தரிசனத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. இங்கே பர்மியர் இன்றும் வங்கிக்கு வெளியே பணம் அனுப்புவதை ‘ஹுண்டி’ என்றுதான் சொல்கிறார்கள்.

நோட்டு எழுதிக் கொடுத்தான்

புரோநோட்டு. அது கடன், ரொக்கம் அல்ல.

தௌங்

பர்மியத்தில் ஆயிரமும் பத்தாயிரமும் வெவ்வேறு ஒலி. தமிழில் எழுதினால் இரண்டும் ‘தௌங்’. பத்து மடங்கு தவறு இது. எண்ணால் எழுதுங்கள்.

செல்லாத நோட்டு

எந்த ஆண்டு செல்லாமல் போனது? 1964-ல் 50, 100 கியாட் நோட்டுகள் போயின. 1985-ல் பெரிய நோட்டுகள் மறுபடி போய், 75 என்று விசித்திரமாக ஒன்று வந்தது. 1987 செப்டம்பரில் 25, 35, 75 மூன்றும் ஈடு எதுவும் இல்லாமல் ஒரே நாளில் போயின. பிறகு வந்தவை 45, 90. ‘நோட்டு 45’ என்று கண்டால் எழுத்துப்பிழை என்று நினைத்து 50 ஆக்காதீர்கள். ஆக்கியிருக்கிறேன்.

சில்லறைக்குப் பதில் கடைக்காரர் தந்த மிட்டாய்

வரவில் ஏற்ற வேண்டாம். தின்றுவிடுங்கள்.