சுன்னாகத்தை மூன்று விதமாக எழுதினால்: ஸொட்டேரோவில் குறிச்சொல் போடும் முறை

யாழ்ப்பாணக் கிணற்று நீர் பற்றிய கட்டுரைகளை நாலு பேர் சேர்ந்து திரட்டுகிறோம். ஒருநாள் ‘சுன்னாகம்’ என்ற ஊர்ப்பெயரின் குறிச்சொல்லை (டேக்) அழுத்தினால் 7 கட்டுரைகள்தான் வந்தன. மிச்சம் எங்கே என்று பார்த்தால், ஒருவர் ‘சுண்ணாகம்’ என்று போட்டிருந்தார், இன்னொருவர் ஆங்கிலத்தில். புதிதாகத் தொடங்குபவர்களுக்கு இந்த அலைச்சல் வேண்டாம்.

ஸொட்டேரோ (Zotero) கட்டுரைகளைச் சேர்த்து ஒழுங்குபடுத்தும் இலவச மென்பொருள். அதன் தளத்தில் கணக்குத் திறந்து, ‘குரூப்ஸ்’ பகுதியில் குழுவொன்றை உருவாக்குங்கள். வெளியார் பார்க்கத் தேவையில்லை என்றால் ‘பிரைவேட்’ போதும். மற்றவர்களுக்கு அழைப்பு அனுப்புங்கள். இலவச இடம் 300 எம்.பி.தான். குழுவின் பிடிஎஃப்கள் உரிமையாளர் கணக்கில்தான் ஏறும்.

அடுத்து, கணினியிலுள்ள ஸொட்டேரோவின் அமைப்புகளுக்குப் போய், தானாகக் குறிச்சொல் சேர்க்கும் வசதியின் சரி அடையாளத்தை எடுத்துவிடுங்கள். எல்லோருடைய கணினியிலும் எடுக்க வேண்டும். இல்லாவிட்டால் ஒவ்வொரு கட்டுரையோடும் சஞ்சிகையின் சொற்கள் பத்து வந்து குவியும்.

இனிமேல்தான் முக்கியமான வேலை, அதற்குக் கணினி தேவையில்லை. ஒரு தாளில் சொற்களை எழுதி எல்லோரும் ஒத்துக்கொள்ளுங்கள். முன்னொட்டு வைத்தால் நல்லது: இடம்-வலிகாமம், இடம்-வடமராட்சி, இடம்-தீவகம், பொருள்-நைத்திரேற்று, பொருள்-உவர்நீர். பட்டியல் அகர வரிசையில் வருவதால் இடங்களெல்லாம் ஒன்றாக நிற்கும். இருபது சொல்லுக்கு மேல் போகாதீர்கள் என்பது என் எண்ணம்.

எங்களுக்குப் பெரிதும் உதவியது ‘அலகு-’ என்ற முன்னொட்டு. வலிகாமத்துச் சுண்ணக்கல்லுக்குள் பசளையும் மலக்குழி நீரும் இறங்குவதால், நைத்திரேற்று அளவு பற்றிய கட்டுரைகள் நிறைய. ஆனால் சிலர் நைத்திரேற்றாகவும், சிலர் அதிலுள்ள நைதரசனாகவும் கணக்குச் சொல்கிறார்கள். நைதரசனாக 10 மில்லிகிராம் என்றால் நைத்திரேற்றாக ஏறக்குறைய 44. உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டி அளவு இலீற்றருக்கு 50, அது நைத்திரேற்றாக. குறிச்சொல் இல்லாமல் ஒரே அட்டவணையில் போட்டால், கெட்ட கிணறும் நல்ல கிணறாகத் தெரியும்.

சரி, போடுவது எப்படி? கட்டுரையைத் தெரிவுசெய்து, வலப்பக்கம் குறிச்சொல் பகுதியில் கூட்டல் குறியை அழுத்தித் தட்டச்சுங்கள். பல கட்டுரைகளுக்கு ஒரே சொல் என்றால், அவற்றை மொத்தமாக இழுத்து இடப்பக்கப் பட்டியலிலுள்ள சொல்லின் மேல் விடலாம். இரண்டு சொற்களை அழுத்தினால் இரண்டும் உள்ள கட்டுரைகள் மட்டும் நிற்கும்.

‘வாசிக்கவேண்டும்’, ‘வாசித்தாயிற்று’ போன்றவற்றுக்கு நிறம் கொடுங்கள். சொல்லின் மேல் வலது சொடுக்குப் போட்டால் அந்தத் தெரிவு வரும். 9 சொற்கள் வரை நிறம் கொடுக்கலாம். அப்புறம் கட்டுரையைத் தெரிவுசெய்து 1 முதல் 9 வரையுள்ள எண்ணை அழுத்தினாலே போதும்.

ஏற்கனவே குழம்பியிருந்தால், ‘சுண்ணாகம்’ மேல் வலது சொடுக்கி, சரியான சொல்லாகப் பெயர் மாற்றுங்கள், இரண்டும் ஒன்றாகிவிடும். அழிக்கும்போது மட்டும் கவனம், எல்லோருடைய கணினியிலிருந்தும் போய்விடும். எங்கள் குழுவில் அந்த வேலையை ஒருவர் மட்டுமே செய்கிறார், அதுவும் மற்ற மூவரிடமும் கேட்டபிறகு.