சீன மருத்துவத்தில் புதினா: எப்போது, எவ்வளவு, எவ்வளவு நேரம்

சீனர்கள் 'போஹெ' என்று அழைக்கும் புதினா, சீனத்தின் தாங் வம்ச அரசவை 659-ஆம் ஆண்டில் தொகுத்து முடித்த மருந்து நூலிலேயே இடம்பெற்றிருக்கிறது. கார்ப்புச் சுவையும் குளிர்ச்சித் தன்மையும் உடையது, நுரையீரலுக்கும் கல்லீரலுக்கும் உரிய நாளங்களில் (உயிராற்றல் ஓடுவதாகச் சீன மருத்துவம் கருதும் பாதைகளில்) சேர்வது என்பது அம்மருத்துவம் அதற்குத் தரும் இலக்கணம். தொண்டை வலி, தாகம், குளிரைவிட மிகுந்து தோன்றும் காய்ச்சல், கண் சிவப்பு, தலைவலி ஆகியவை சேர்ந்து வரும் தொடக்க நிலையை 'காற்று வெப்பம்' என்று வகைப்படுத்தி, அதற்கே இவ்விலையை முதன்மையாகக் கொடுக்கிறார்கள். உடல் நடுங்கக் குளிரெடுத்து, மூக்கிலிருந்து தெளிந்த நீர் ஒழுகும் சளிக்கு இஞ்சி போன்ற வெம்மையான சரக்குகளே ஏற்றவை என்பதால், எந்தச் சளி என்று பார்த்த பிறகே புதினாவை எடுக்க வேண்டும்.

சீன மருந்துக் கடைகளில் விற்கப்படுவது, புதினாவுக்குக் குளிர்ச்சி உணர்வைத் தரும் மென்தால் என்ற பொருள் நிறைந்த இனம். ஜியாங்சு மாகாணத்தில் விளைவதற்கு நெடுநாளாக நற்பெயர் உண்டு. நம் சந்தையில் கட்டாக விற்கும் புதினா பெரும்பாலும் மென்தால் மிகக் குறைந்த வேறோர் இனம். துவையலுக்கு அதுவே சிறந்தது என்றாலும், கீழே சொல்லப்படும் அளவுகள் அதற்குப் பொருந்தா. உலர்ந்த சரக்கை வாங்கும்போது தண்டு குறைந்து இலை மிகுந்திருக்கிறதா என்று பார்த்து, ஓர் இலையை உள்ளங்கையில் கசக்கி முகர்ந்து பாருங்கள். மணம் உடனே எழாவிட்டால் அதில் மருந்து மிஞ்சியிருக்காது.

கஷாயம் காய்ச்சும் முறையில்தான் கவனம் முழுவதும் தேவைப்படுகிறது. புதினாவின் ஆற்றல் ஆவியாகும் எண்ணெயில் இருப்பதால், மற்றச் சரக்குகளோடு தொடக்கத்திலேயே போட்டுக் கொதிக்கவிட்டால் மணம் அடுக்களையில் பரவுமே தவிர, கிண்ணத்தில் தங்காது. முதலில் மற்றச் சரக்குகளை மண்கலத்திலோ பீங்கான் கலத்திலோ தண்ணீர் மூழ்க விட்டு அரை மணி நேரம் ஊறவைத்து, கொதி வந்ததும் தீயைத் தணித்துக் காய்ச்சுங்கள். இறக்குவதற்கு ஏறக்குறைய ஐந்து நிமிடம் இருக்கும்போது புதினாவைச் சேர்த்து மூடிவிடுங்கள். இரும்புப் பாத்திரமும் செம்புப் பாத்திரமும் இதற்கு ஆகா. சீன அரசு மருந்து நூல் விதிக்கும் அளவு, உலர்ந்த இலை 3 முதல் 6 கிராம். பின்னர் சேர்க்க வேண்டும் என்ற குறிப்பும் அளவோடு சேர்ந்தே அங்கு வருகிறது.

வூ ஜுதோங் என்ற மருத்துவர் 1798-இல் எழுதிய காய்ச்சல் நூலில் உள்ள 'யின் ச்யாவ் சான்' இதற்கு நல்ல சான்று. ஹனிசக்கிள் மொட்டு, போர்சிதியா காய், புதினா முதலியவற்றைப் பொடித்து நாணல் கிழங்கு நீரில் காய்ச்சும் அந்த மருந்தை, மணம் பெரிதாக எழுந்தவுடனே எடுத்துக் குடிக்க வேண்டும், மிகையாகக் காய்ச்சக் கூடாது என்று அவர் எழுதுகிறார். நுரையீரலுக்கான மருந்து இலேசாக இருக்க வேண்டும் என்பது அவர் கூறும் காரணம். கடிகாரத்தைவிட மூக்கை நம்பச் சொல்லும் இக்குறிப்பு, நிமிடக் கணக்குகளைக் காட்டிலும் பயனுள்ளது என்பது என் கருத்து.

வீட்டளவில் எளிதாகச் செய்யத்தக்கது தேநீர். உலர்ந்த புதினா 3 கிராம், செவ்வந்திப் பூ 5 கிராம், மல்பெரி இலை 5 கிராம் ஆகியவற்றின் மேல் கொதிநீர் ஊற்றிப் பத்து நிமிடம் மூடிவைத்து, வடிகட்டி, இளஞ்சூட்டில் குடிக்கலாம். இலேசாக வியர்த்தால் போதும். வியர்வை வழியும் வரை தொடர்ந்து குடிப்பதைச் சீன மருத்துவர்கள் ஏற்பதில்லை. மென்தால் குளிரை உணரும் நரம்புகளைத் தூண்டுவதால்தான் வாயும் தொண்டையும் குளிர்கின்றன. உடலின் வெப்பநிலை அதனால் குறைந்துவிட்டதாகக் கொள்ளலாகாது.

அளவு மாறினால் வேலையும் மாறுகிறது. சீனத்தின் சோங் வம்சக் காலத்து அரசு மருந்தகத் தொகுப்பில் உள்ள 'சியாவ் யாவ் சான்', மனம் அடைபட்டு விலா நோகும் நிலைக்குத் தரப்படுவது; அதில் புதினா ஒரு சிட்டிகைதான். அதே தொகுப்பில் தலைவலிக்கான 'சுவான் சியோங் சா தியாவ் சான்' பொடியில் புதினாவே எல்லாச் சரக்கிலும் மிகுதி. அதைத் தேநீரில் கலந்து உணவுக்குப் பின் குடிக்க வேண்டும். இந்தப் பொடியை வீட்டில் செய்ய முயல வேண்டாம். அதில் சேரும் சரக்குகளில் ஒன்றான காட்டு இஞ்சி இனத்து வேரில் சிறுநீரகத்தைக் கெடுக்கும் அரிஸ்டோலோக்கிக் அமிலம் இருக்கக்கூடும்.

காரணமின்றி வியர்ப்பவர்களுக்கும், நெடுநாள் நோயால் மெலிந்து உள்வெப்பம் உள்ளவர்களுக்கும் புதினா ஆகாது என்பது பழைய விதி. பாலூட்டும் தாய்மார் பால் சுரப்பு குறையும் என்று அதைத் தவிர்ப்பது வழக்கம். நெஞ்செரிச்சல் உள்ளவர்களுக்குப் புதினாவால் எரிச்சல் மிகலாம். புதினா எண்ணெயையோ மென்தாலையோ கைக்குழந்தையின் மூக்கருகில் தடவினால் மூச்சு தடைப்படும் ஆபத்து உண்டு. காய்ச்சல் மூன்று நாளைத் தாண்டினாலோ, விழுங்க முடியாத அளவுக்குத் தொண்டை வீங்கினாலோ மருத்துவரிடம் செல்ல வேண்டும்.